அவங்கன்னா யாரு

மணி இரண்டு நாற்பது. தணிகாசலம் சார் குறட்டை விடுகிறார், ஆகவே இன்னும் இருபது நிமிடத்துக்கு யாரும் சாகப் போவதில்லை, அப்பாடா. குறட்டை நல்ல குறட்டை. உள்ளே போகும்போது பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம், வெளியே வரும்போது சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற சத்தம், நடுவில் சின்னதாய் ஒரு 'ப்ச்'. அந்த 'ப்ச்'தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தாயிற்று, உதட்டைக் குவித்துப் பார்த்தாயிற்று, வரவில்லை. இடது கன்னத்தில் அவருக்கு எப்போதும் ஒரு கிராம்பு வேண்டும், தூங்கும்போதுகூட அவர் அதைத் துப்புவதில்லை, என்றைக்காவது அது தொண்டைக்குள் போய்... நிறுத்து ரெக்ஸ்லின். வாயை மூடு. இப்படி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இந்த வினையே. சோபாவில் அவர், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நான், மடியில் லேப்டாப், நடுவில் டீ வட்டங்கள் விழுந்த கண்ணாடி மேஜை, சுவரில் 'பதினாறாம் நம்பர் வீடு' சீரியலின் ஆறு வருஷக் கதையும் மஞ்சளும் ரோஸும் பச்சையுமாய் ஒட்டிய சீட்டுகளில். சாலிகிராமத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிற இந்த ரூமில்தான் அந்த வீட்டுக்காரர்கள் பிறக்கிறார்கள், கல்யாணம் பண்ணுகிறார்கள், பிரிகிறார்கள், தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறக்கிறார்கள். தணிகாசலம் சார் கதை சொல்வார், கோதண்டம் அண்ணன் வசனம் எழுதுவார், நான் நோட்ஸ் எடுப்பேன். நோட்ஸ் என்றால் இந்த ரூமில் யார் வாயிலிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடுவதற்குள் பிடித்து டைப் அடித்து வைப்பது. மூன்று மாதப் பயிற்சி வேலை, இன்னும் பதினோரு நாளில் முடிகிறது, பிடித்துப்போனால் நிரந்தரம், இல்லையென்றால் திருச்செந்தூர் பஸ். மூன்று மணிக்குச் சேனலிலிருந்து போன் வரும், சார் எழுந்து அடுத்த வாரக் கதையைச் சொல்வார், சேனலுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டால் பிரம்மாவே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார். இன்றைக்கு அவர் சொல்லப் போவது, விசாலம் சாகிறாள். விசாலம் என்றால் பதினாறாம் நம்பர் வீட்டின் மாமியார். கொன்றது நான்.

வேண்டுமென்று இல்லை, அந்தோணியார் சத்தியமாய் இல்லை. போன செவ்வாய்க்கிழமை நோட்ஸைத் திறந்து இத்தோடு நாற்பதாவது தடவையாகப் பார்க்கிறேன், எழுத்து எதுவும் இடம் மாறியிருக்குமோ என்று. மாறவில்லை. 'விசாலம் மாத்திரை சாப்பிட மறக்கிறாள்.' அடுத்த வரி, 'அவங்களை வெள்ளிக்கிழமையோடு முடித்துவிடலாம்.' அவ்வளவுதான். ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு வரி, ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் இருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியும், அந்தப் பத்து நிமிடமும் சார் பேசிக்கொண்டேயிருந்தார், நான் டைப் அடிக்காமல் அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராம்பு இடது பக்கம் இருந்தால் 'ச' வழுக்குகிறது, வலது பக்கம் போனால் 'ர' தடுக்குகிறது, ஆகா, இதுதானா சூட்சுமம் என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு எப்போதும் இப்படித்தான், குரல் முதலில் வந்துவிடும், அர்த்தம் பின்னால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மெதுவாய் வரும், சில நாள் வராமலே போய்விடும். நடுவில் மாடியில் குடியிருக்கிற வக்கீல் ஜோடியைப் பற்றி, சுபத்ராவையும் அவள் புருஷனையும் பற்றி, ஏதோ பேச்சு வந்தது, 'மாடி' என்கிற சொல் இன்னும் காதில் கிடக்கிறது, ஆனால் அது முன்னாலா பின்னாலா? அவங்க என்றால் விசாலமா, அவங்க என்றால் மாடி ஜோடியா? சாருக்கு வயசான விசாலமும் அவங்கதான், மாடியில் இருக்கிற இரண்டு பேரும் அவங்கதான். சொல்லிவிட்டு மறுநாளே மகளின் வளைகாப்புக்கு ஈரோடு போய்விட்டார். கோதண்டம் அண்ணன் என் நோட்ஸை எடுத்துப் படித்தார், மாத்திரையை மறந்தவள், வெள்ளிக்கிழமையோடு முடிகிறாள், வேறென்ன, பன்னிரண்டு பக்கத்துக்குச் சாவு எழுதிவிட்டார். கையால். "இன்னாமா ரெக்ஸி, படிச்சியா? எங்க வூட்டுக்காரி கேட்டுட்டு மூக்க சிந்துறா. ஆறு வருசத்துல இப்டி ஒரு சீனு நா எழ்தனதே கெடையாது." இன்றைக்குச் சார் ஊரிலிருந்து வந்து, ஒரு கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே மறு கையால் பக்கத்தைப் புரட்டினார். "இல்ல, கேளு கோதண்டம், நானா சொன்னேன் இத?" "நோட்ஸ்ல கீது சார்." "நோட்ஸ்ல இருக்கா? இருந்தா சொல்லியிருப்பேன்." கை கழுவினார், படுத்தார். ஜிப், ட்யூப், ப்ச். நோட்ஸ்ல இருக்கா! பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் எவரும் நம்பியதில்லை, ஊரில் 'தீ தீ' என்று கத்தினால்கூட 'ரெக்ஸி பிள்ள சும்மா கத்துது' என்று திரும்பிப் படுப்பார்கள், முதல்முறையாக ஒரு மனுஷர் என்னை முழுசாக நம்பினார், அது இதற்கா?

ஷாஹிதா மேடம் முதல் வாரமே சொன்னார். கோடம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், கதை ரூமில் நோட்ஸ் எடுக்கப் பழக்குகிற வகுப்பு, நீளமான மேஜைகள், ரசத்தின் வாசனை சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும். சினிமாவில் மாமா இல்லாத, டிவியில் சித்தப்பா இல்லாத வீடுகளிலிருந்து ஒன்பது பேரைத் தேடி எடுத்திருந்தார்கள். கூடலூர் தேயிலைத் தோட்டத்துப் பையன், மேல்விஷாரத்திலிருந்து ஒருத்தி, விழுப்புரத்திலிருந்து மதுமிதா அக்கா, எங்களில் ஒரே திருநங்கை, ஒன்பது பேரையும் முதல் நாளே தத்து எடுத்துக்கொண்டவர், கடலோரத்திலிருந்து நான், எல்லாரிலும் சின்னவள், இன்னும் பத்தொன்பது ஆகவில்லை. எங்கே உட்கார வேண்டும், கதவுப் பக்கம், எல்லார் வாயும் தெரிகிற மாதிரி. எப்போது பேச வேண்டும், கேட்டால். "யாருக்குச் சக்கர இல்லாம டீ வேணும்னு ஞாபகம் வச்சுக்கங்க, ஆனா டீ கொண்டாறது உங்க வேலை இல்ல, யாராச்சும் அனுப்பினா நோட்ஸ் நின்னுரும் சார்னு சொல்லுங்க." அப்புறம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அந்த மூக்குக் குரலில், "சுட்டுப்பெயரைப் பார்த்தா பாம்பைப் பார்த்த மாதிரி நில்லுங்க. அவன், அவள், அவர், அவங்க. நாலும் நாலு குழி. பேர் போடுங்க. பேர். பேர்." நான் அதே மூக்கில் பின்னாலிருந்து 'ஃபேர், ஃபேர்' என்றதும் மதுமிதா அக்கா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடிக்க வெளியே போக வேண்டியதாயிற்று. சிரிப்பைத்தான் எழுதி வைத்தேன், குழியை எழுதவில்லை. எங்கள் ஊரில் இந்தத் தொல்லையே கிடையாது, அம்மா மரியாதைக்காரரைச் சொன்னால் 'அவிய வந்தாவ', வேண்டாத கும்பலைச் சொன்னால் 'அவனுவ வந்தானுவ', ஒரு எழுத்திலேயே தெரிந்துவிடும் நாற்காலி போடவா கதவைச் சாத்தவா என்று. பட்டணத்தில் எல்லாரையும் ஒரே அவங்கவில் ஏற்றிவிடுகிறார்கள். இதைச் சொன்னால் அம்மா, "ஏட்டி, தப்ப நீ செஞ்சிட்டு பட்டணத்தக் கொறச் சொல்லுதியா?" என்பாள், அந்தக் குரலும் உள்ளேயே இருக்கிறது, எங்கே போனாலும் கூடவே வந்துவிடும். கடைசி நாள் மதுமிதா அக்கா என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "தங்கம், நீ ஒருத்தி சொதப்புனா ரெக்ஸ்லின் சொதப்பிட்டான்னு சொல்ல மாட்டாங்கடி, அந்த கிளாஸ்ல இருந்து இனி யாரும் வேணாம்னுருவாங்க. மத்தவங்க சொதப்புனா அது ஒரு ஆளு. நாம சொதப்புனா அது ஊரு" என்றார். அப்போதும் நான் அவர் வளையல் எப்படி ஒலிக்கிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாற்பத்தெட்டு. வெளி ஹாலில் மின்விசிறி கிரீச் கிரீச், அதன் கீழே மங்களகௌரி அம்மா. விசாலமாக நடிக்கிறவர். அவருக்குச் செய்தி நேற்றே போய்விட்டது, கோதண்டம் அண்ணனின் பக்கங்களைப் படித்த புரொடக்ஷன் மேனேஜர் போன் பண்ணி அடுத்த மாதத்திலிருந்து தேதி வேண்டாம் என்றாராம், அதனால் சாரைப் பார்த்துக் கேட்க ஆட்டோ பிடித்து வந்து, சார் தூங்குகிறார் என்றதும் எழுப்பாதே என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன், சீரியலில் தட்டை வீசுகிற மாதிரி டம்ளரை வீசுவார் என்று. "பாப்பா, நீதான நோட்ஸு எழுதுறவ? ஒண்ணு மட்டும் சொல்லு. படுக்கையில சாகுறனா, மாடிப்படியில விழுந்தா?" எனக்கு எந்தக் குரலும் வரவில்லை, என் குரல் உட்பட. "ஏன் கேக்குறேன்னா, மாடிப்படின்னா முட்டி தாங்காது, டூப் போடச் சொல்லணும். படுக்கைன்னா ஒண்ணும் இல்ல, நல்லா தூங்கிருவேன்." தண்ணீரைக் குடித்தார். "ஆறு வருஷம் பாப்பா. எங்க தெரு பூக்காரி என் பேர மறந்துட்டா, விசாலம்மா விசாலம்மான்னுதான் கூப்பிடுறா. செத்துட்டா எப்படிக் கூப்பிடுவாளோ." சிரித்தார். "செத்த சீனு எடுத்ததும் கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிக்கச் சொல்லுவாங்க, தெரியுமா? தோஷம் போகணும்னு. அந்தச் சிரிப்பு இருக்கு பாரு, அதுதான் கஷ்டமான நடிப்பு. அதுக்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க, ஏற்கனவே செத்த மூஞ்சின்னுருவாங்க." அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா, நீங்க சாகுறது என் கன்னத்தால, இல்லை, அவர் கன்னத்தால, இல்லை, அவர் கன்னத்தைப் பார்த்த என் கண்ணால. டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். டம்ளர் இன்னும் என் காலடியில்தான் இருக்கிறது, விளிம்பில் உதட்டுச்சாயம், ஒரு பாதி நிலா.

எழுப்பிக் கேட்டால்? மதியத் தூக்கத்தில் சாரை எழுப்பியவர்கள் இந்தக் கட்டடத்தில் வேலையில் இல்லை, அது இருக்கட்டும், எழுப்பி 'சார், அவங்கன்னா யாரு?' என்று கேட்டால் என்ன சொல்வார், 'நோட்ஸ்ல என்ன இருக்கு?' என்பார். நான் நோட்ஸைப் பார்க்க, நோட்ஸ் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க. அவருக்கு ஞாபகம் இல்லை, இரண்டு சீரியலுக்குக் கதை சொல்கிறவர், போன வாரம் சொன்னது அவருக்குப் போன ஜென்மம். ஞாபகம் இருப்பது எனக்குத்தான், அர்த்தம் இல்லாத ஞாபகம், குரல் மட்டும், கேஸட் மாதிரி. ஓட்டிப் பார்க்கிறேன் உள்ளே. 'அவங்கள வெள்ளிக்கெழமையோட முடிச்சிடலாம்.' கிராம்பு இடது பக்கம். 'அவங்கள'வில் கொஞ்சம் இழுப்பு. மரியாதைக்கு இழுத்தாரா, கொட்டாவியா? மறுபடி. மறுபடி. ஒரு தடவை ஓட்டினால் விசாலம் சாகிறாள், அடுத்த தடவை ஓட்டினால் மாடி காலியாகிறது. வாயால் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும், எனக்கு எல்லாமே வாய்க்கு வந்தால்தான் மூளைக்குப் போகும், ஆனால் வாயால் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு சார் குரலில் "கோதண்டம்! அந்த சீனக் கிழிச்சுப் போடு!" என்றேன், சும்மா, தமாஷுக்கு, அவரும் "சரி சார்" என்று ஆறு பக்கத்தைக் கிழித்தே போட்டுவிட்டார். கோதண்டம் அண்ணன் அன்றைக்கு அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சார் என்னைக் கூப்பிட்டு, சத்தமே போடாமல், "இல்ல, கேளு. இன்னொரு தடவ என் கொரலு உன் வாயிலேர்ந்து வந்துது, அன்னைக்கே ஊருக்கு பஸ்ஸு" என்றார். அதிலிருந்து வாயில் பூட்டு. நாற்பது நாள். பஸ் கண்டக்டர் குரலில்கூட ஒரு 'போலாம் ரைட்' சொல்லவில்லை, மேலெல்லாம் அரிக்கிறது. இரண்டு ஐம்பத்தாறு. குறட்டையில் ஜிப் மட்டும் இருக்கிறது, ட்யூப் போய்விட்டது, எழுந்துகொள்ளப் போகிறார். எழுந்தால் போன். போனில் சொன்னால் முடிந்தது. டம்ளர் விளிம்பில் பாதி நிலா. பஸ் போனால் போகட்டும், எட்டரைக்கு ஒன்று இருக்கிறது, ஜன்னலோரம் கிடைக்கும், ஆனால் மதுமிதா அக்கா, நாம சொதப்புனா ஊரு, ஐயோ, பையில் சாரின் கிராம்பு டப்பாவிலிருந்து நான் எடுத்த ஒன்று இருக்கிறதே, எதற்கு எடுத்தேன், சும்மாதான் எடுத்தேன், வாயில் போட்டேன், காரம், இடது கன்னம், தள்ளு, 'ச' வழுக்குகிறது, மெதுவாய்த்தான் சொல்லப் போனேன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் தணிகாசலம் சாருக்கு மெதுவான குரல் என்று ஒன்று கிடையாதே, அது வந்த வழியிலேயே வந்துவிட்டது, ரூம் முழுக்க. "இல்ல, கேளு. அவங்கள வெள்ளிக்கெழமையோட முடிச்சிடலாம்..."

"...லாரி வரட்டும்" என்றார் சார். கண் மூடியிருக்கிறது. என் விரல் தானாகவே ஓடுகிறது. "பீரோ எறங்குது மாடியிலேர்ந்து. கண்ணாடி வச்ச பீரோ. சுபத்ரா அதுல தன் மூஞ்சிய பாக்குறா, அதான் ஷாட்டு, வசனம் வேணாம். பூரா சாமானும் போவுது. கீழ் படியில விசாலம் நிக்குறா, சாவிக்கொத்தோட. ஒரு வார்த்த பேச மாட்டா. திங்கக்கெழமை அவதான் மாடிக்கு ஏறிப் போயி பூட்டணும், மாத்திர போடாம மூச்சு வாங்கிட்டு... ப்ச்." மாத்திரை! திங்கட்கிழமைக்கா அந்த மாத்திரை! சாகிறதுக்கு இல்லை, படி ஏறுகிறதுக்கு! நான் அடிக்கிறேன், சுபத்ரா, சுபத்ராவின் புருஷன், விசாலம், விசாலம், விசாலம், ஒரு அவள்கூட இல்லாமல், பீரோவுக்குக்கூடப் பேர் வைத்திருப்பேன். சார் ஒரு கண்ணைத் திறந்தார். "யாரு பேசுனது?" "நீங்கதான் சார்." "நான் எங்க பேசுனேன், தூங்கிட்டுல்ல இருந்தேன்." "பின்பாதி நீங்க சார்." கிராம்பு நாக்கின் அடியில் எரிகிறது. "முன்பாதி நான்." பால்கனியிலிருந்து கோதண்டம் அண்ணன் ஓடி வந்தார், பன்னிரண்டு பக்கத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சார், கூப்ட்டீங்களா? கிழிக்கணுமா?" அப்புறம் நான் சொன்னேன், ஒரே மூச்சில், என் சொந்தக் குரலில், அது எப்படி இருக்கும் என்றே மறந்திருந்தது, கீச்சென்று இருந்தது. பத்து நிமிஷம் எழுதல சார், உங்க கன்னத்தப் பாத்துட்டு இருந்தேன் சார், அவங்கன்னு மட்டும் போட்டேன் சார், பேரு போடல சார். "கன்னத்தையா?" "கிராம்பு சார்." அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பிறகு என் கன்னத்தைப் பார்த்தார், ஒரு பக்கம் உப்பியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மூன்று மணி. நான் மூச்சு விடவில்லை. "ஆங், சொல்லுங்க மேடம். அடுத்த வாரம்... மாடி வீட்டக் காலி பண்றோம். ஆமா, லாரி, பீரோ, ஒரு கண்ணாடி ஷாட்டு வச்சிருக்கேன். சாவா? என்ன சாவு? யாரும் சாகலியே. விசாலம் இல்லாம வீடு ஏது?"

விட்டேன் மூச்சை. எங்கே இருந்ததோ அவ்வளவு மூச்சு, கால் கட்டைவிரலில் இருந்திருக்க வேண்டும், கண்ணாடி மேஜையில் ஒரு சீட்டு பறந்துபோய் விழுந்தது. கை காலெல்லாம் லேசாகி, உள்ளே இருக்கிற எல்லாக் குரலும் ஒரே சமயத்தில் கலாட்டா, ஷாஹிதா மேடம் ஃபேர் ஃபேர் என்கிறார், வளையல் ஒலிக்கிறது, அம்மா "பொழச்ச போ" என்கிறாள். கோதண்டம் அண்ணன் மட்டும் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார். "பன்னண்டு பக்கம் சார்." சார் போனை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார், எட்டாவது பக்கத்தில் கொஞ்சம் நின்றார், திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான்யா இருக்கு. பத்திரமா வை. கடைசி எபிசோடுக்கு வேணும்." அண்ணனுக்குப் போன முகம் திரும்பி வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "எப்டிம்மா வுட்ட நீ அந்த கொரலு, நா பால்கனில எய்ந்து நின்னுட்டேன்" என்றார், திட்டா பாராட்டா தெரியவில்லை, எதுவானாலும் சந்தோஷம். சரி, என் கணக்கு இன்னும் பாக்கி. லேப்டாப்பை மூடினேன், பையை மடியில் வைத்துக்கொண்டேன். "சார், பஸ்ஸு..." "எந்த பஸ்ஸு?" "உங்க கொரலு என் வாயிலேர்ந்து வந்தா ஊருக்கு பஸ்ஸுன்னு சொன்னீங்க சார்." அவர் யோசித்தார், உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கி, கிராம்பு இடமிருந்து வலமாய் உருண்டு. "நானா சொன்னேன்? நோட்ஸ்ல இருக்கா?" அந்தோணியாரே. "இல்ல சார்." "அப்ப சொல்லல" என்றார், உடனே, "இனி சொல்றேன், எழுதிக்க. பேரு போடணும். எல்லாத்துக்கும். வாயப் பாக்காத, வார்த்தையப் பாரு. அப்புறம் அந்த டப்பால எண்ணி வச்சிருக்கேன், ஒண்ணு கொறையுது." ர தடுக்கியது. வலது பக்கம். எழுதினேன், கிராம்பு உட்பட.

ஹாலுக்கு ஓடினேன். மங்களகௌரி அம்மா கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடியில் பொட்டைச் சரி செய்துகொண்டிருந்தார், செய்தி கேட்கப் போகிறவர்கள் செய்கிற மாதிரி. "அம்மா, நீங்க சாகல." பொட்டு கோணியது. "என்ன பாப்பா?" "மாடி வீட்டுக்காரங்க போறாங்க. நீங்க சாவிக்கொத்தோட நிக்கிறீங்க. தப்பு என்னோடது, அவங்கன்னு எழுதிட்டேன், மேனேஜருக்கு இப்பவே போன் பண்றேன்." என் முகத்தையே பார்த்தார், திட்டு வாங்கத் தயாராய் நின்றேன், வாங்கினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. "எங்க நிக்கிறேன்?" "கீழ் படியில." "ஏறணுமா?" "திங்கக்கிழமை." "எத்தனை படி?" "டூப் போடச் சொல்றேன்மா!" அப்போது அவர் தலையைத் தூக்கி, மின்விசிறிக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, கேமரா இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே பார்த்து, சிரித்தார். சாகாமலே சிரித்தார். கிரீச் கிரீச் என்ற அந்தச் சத்தத்தையும் மீறி, தொண்டையின் அடியிலிருந்து இரண்டு தடவை ஏறி மூன்றாவதில் உடைகிற சிரிப்பு, விசாலத்தின் சிரிப்பு இல்லை, ஆறு வருஷத்தில் யாரும் கேட்காதது. வழக்கம்போல என் வாய் அதைப் பிடிக்கத் தயாராகிக் குவிந்தது. விட்டுவிட்டேன். நாற்காலிக்குத் திரும்பி வந்து, அவங்க சிரிச்சாங்க என்று அடித்தேன், அழித்தேன், மங்களகௌரி சிரித்தார் என்று அடித்தேன்.